தண்ணீருக்கு ஒரு கேட் பாஸ்

மகாராஷ்டிராவின் விதர்பாவில் ஓர் அனல் மின் நிலையத்தில் கெமிஸ்டாக இருந்தேன். குளிர்விப்புக் கோபுரத் தண்ணீரில் கடினத்தன்மை, சிலிக்கா, குளோரைடு பார்த்து எழுதுவது வேலை. ஆவியாவதையும், மிஞ்சியதில் உப்பு ஏறுவதால் திறந்துவிடுவதையும் ஈடுகட்டத் தினமும் சேர்க்கும் தண்ணீருக்கு அங்கே 'மேக்கப் வாட்டர்' என்று பெயர். முகம் கழுவவா என்று ஊரில் அக்கா கேட்டாள்.

எங்கள் பெருமை ஒன்றுதான். கோபுரத் தண்ணீரில் உப்பு 3 மடங்கு ஏறியதும் திறந்துவிட்டுக்கொண்டிருந்ததை, மருந்து சேர்த்து 5 மடங்குவரை தாங்கவைத்தோம். 100 லிட்டர் ஆவியானால் முன்பு 50 லிட்டர் கழிவாகப் போகும்; அது 25 ஆனது. மேலதிகாரி கைகுலுக்கினார். ஆவியாகிற அந்த 100 லிட்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

2013 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் மராத்வாடா பகுதியில் உள்ள பர்ளி மின் நிலையம் தண்ணீரில்லாமல் நின்றது. எங்களுடையது ஓடியது. அந்தக் கோடையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஆய்வகக் குழாயில் 20 லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டு போக, வாசலில் காவலாளி மறித்துவிட்டார். எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். "கிணறு வற்றிவிட்டது, சாகேப்" என்றார் அவர். படிவம் எழுதினேன். பொருள்: தண்ணீர். அளவு: 20 லிட்டர். அடுத்த கட்டம்: திருப்பிக் கொண்டுவர வேண்டியதா, வேண்டாததா? பேனா நின்றது. கோபுரத்தின் உச்சியிலிருந்து வெண்ணிற நீராவி எந்தப் பாஸும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது: பழைய நிலையங்களுக்கு ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 3.5 கன மீட்டர் தண்ணீர். இதைப் படித்து எந்த ஊர்க்காரருக்கு என்ன விளங்கும்? 1,000 மெகாவாட் நிலையம் நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 8.4 கோடி லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் ஆறு லட்சம் பேருக்குக் காணும். எளிய பெருக்கல்தான். அந்தக் கேனுக்கு முன்பு நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. மின் நிலையங்கள் தண்ணீர் எடுப்பதை எதிர்ப்பவர்களுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று கூட்டங்களில் சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். காற்றால் குளிர்விக்கும் முறையும் உண்டு. செலவு கூடும், மின்சாரம் கொஞ்சம் குறையும் என்று அதை ஒரே வரியில் கடந்துவிடுவோம்.

அந்தப் படிவத்துக்கு அடுத்த வாரம் அதே தொழிலாளி இரண்டு கேன்களோடு வந்தார். அளவு: 40 லிட்டர் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.