அம்மையின் மூக்குத் தண்டும் பைபாப் மாஸ்க்கும்

எங்க அம்மை குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் அக்கானி (பதநீர்) காய்ச்சி, கருப்பட்டி ஊற்றி எங்களை வளர்த்தவள். பீடியோ சிகரெட்டோ அவள் தொட்டதில்லை, ஆனால் வருஷக்கணக்காக அடுப்புப் புகையை விழுங்கியதில் நுரையீரல் கெட்டு சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, நினைவு தப்பிப் பேச ஆரம்பித்ததும் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பைபாப் போட்டார்கள், மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் மிஷின் அது. இரண்டு நாளில் மூச்சு தேறியது. மூன்றாம் நாள் கஞ்சி கொடுக்க மாஸ்க்கைக் கழற்றினால் மூக்குத் தண்டில் கறுத்துச் சிவந்து ஒரு தடம்.

காரணம் நான்தான். ஓரத்தில் உஸ்ஸென்று காற்று கசியும்போதெல்லாம் ஐயோ வீணாகிறதே என்று பட்டையை இழுத்து இழுத்து இறுக்கினேன், "மூக்கு நோவுது மக்களே" என்று அம்மை உள்ளிருந்து முனகியும் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் மனசு கிடந்து அடிக்கிறது.

ராத்திரி டூட்டி சிஸ்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, நிறம் மாறாமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அம்மை கருத்த நிறம். கருத்த தோலில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாதாம், சூடு, வீக்கம், வலி, கல் மாதிரி இறுக்கம் இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். மூக்குத் தண்டில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே இல்லை, அதனால் அழுத்தினதும் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. வியர்வையும் மூச்சின் ஈரமும் தோலை ஊறவைப்பதால் இன்னும் சீக்கிரம் உரிகிறது.

முதலில் அளவைப் பார்த்தார், மாஸ்க் பெரிது. சின்னது மாற்றி, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தினார். சின்னக் கசிவை மிஷினே ஈடுகட்டிக்கொள்ளும், கண்ணுக்குள் காற்று அடித்தால்தான் சரிசெய்ய வேண்டும். அப்போதும் இறுக்குவதற்கு முன்னால் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒருமுறை தூக்கி மறுபடி வைத்துப் பார்க்கணும். பாதி நேரம் அதிலேயே கசிவு நின்றுவிடுகிறது! மூக்குத் தண்டில் ஹைட்ரோகொலாய்டு டிரெஸ்ஸிங்கை, அதாவது தோலைக் காக்கும் மெத்தென்ற ஒட்டுத் துண்டை, அளவாக வெட்டி ஒட்டினார். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார், மாஸ்க் வழுக்கும், டிரெஸ்ஸிங்கும் ஒட்டாது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது.

அப்புறம் டாக்டரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாயில் ஆக்சிஜன் வைத்தார்கள். எவ்வளவு நேரம் எடுத்து வைக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாகக் கழற்றிவிடக் கூடாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மூக்கு, கன்னம், காதுக்கு மேலே, பின்மண்டை எல்லாம் பார்த்தோம். தோல் கிழியாமலே தடம் மறைந்தது.

இப்போது வீட்டில் ராத்திரி மட்டும் பைபாப். விடிந்ததும் மாஸ்க்கை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கிறேன், அம்மையின் முகத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மாஸ்க் போட்டால் முதல் நாளே சிஸ்டரிடம் கேளுங்கள், அளவு சரியா, மூக்குக்கு டிரெஸ்ஸிங் ஒட்டலாமா என்று.