மூப்பன் சொன்னதும் சாட்சிதான்: வன உரிமை மனு கொடுத்த அனுபவம்

எங்கள் பதி ஆனைகட்டிப் பக்கம். இருளர் ஊர். மூப்பன் (ஊர்த் தலைவர்), வண்டாரி (ஊர்க் கணக்கு பார்ப்பவர்), குறுதலை (மூப்பனின் உதவியாளர்), மண்ணுக்காரன் (நிலம் பற்றி அறிந்தவர்) என்ற பொறுப்புகள் இன்றைக்கும் நடப்பில் இருக்கின்றன. 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வளத்துக்கு, அதாவது ஊரே சேர்ந்து காலங்காலமாகப் பயன்படுத்திக் காத்துவரும் காட்டின் மீதான உரிமைக்கு, மனு போடலாம் என்று முடிவெடுத்ததே ஊர்க்கூட்டம்தான். வன உரிமைக் குழு அமைத்தோம், அந்த உரிமைக்கான மனுப் படிவமான ஃபார்ம் சி நிரப்பினோம். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

அலுவலகத்தில் தீர்மான நோட்டைப் புரட்டிய எழுத்தர், "மூப்பன்னா யாரு? பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து எங்கே?" என்று கேட்டு அப்படியே திருப்பித் தந்துவிட்டார். மூப்பன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது அரசியலமைப்பின்படி தனியாக அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி, கிடையாது. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது, நம் ஊர்க்கூட்டத்துக்கு அந்த வழியில் அதிகாரமும் இல்லை. பஞ்சாயத்து கிராம சபைக்குப் போனால் பல ஊர்க் கூட்டத்தில் நாம் ஒரு மூலை. ஆனால் வன உரிமைச் சட்டத்துக்கு அந்தந்தக் குடியிருப்பிலேயே கிராம சபை கூட்டலாம் என்று மத்திய பழங்குடியினர் அமைச்சகம் 2012 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நாங்கள் பஞ்சாயத்திடம் அறிவிப்புக் கடிதம் வாங்கி, பதியிலேயே மறுபடி கூட்டம் போட்டோம்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற விஷயத்தில் கவனம் தேவை. ஊரில் வயது வந்தவர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்பதுதான் வழக்கம். இந்த முறை அவர்கள் முன்னால் வந்து, கிழங்கு தோண்டும் இடங்களையும் சீமாறுப் புல் அறுக்கும் சரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எழுதி முடிக்கவே இருட்டிவிட்டது. ஆண்கள் மட்டும் பேசியிருந்தால் அதில் பாதி மனுவில் ஏறியிருக்காது.

அப்புறம் ஆதாரம். பட்டா உண்டா, பி மெமோ (அரசு நிலத்தை அனுபவிப்பவருக்கு வருவாய்த் துறை கொடுக்கும் நோட்டீஸ்) உண்டா என்றார்கள். மலைக்காட்டுக்கு எங்கே போய் பட்டா தேடுவது? வன உரிமை விதிகளில் ஆதாரம் பற்றிச் சொல்லும் விதி 13-ஐப் படித்துக் காட்டினேன். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம். இடுகாடும் சாமி இருக்கும் இடமும் ஆதாரம். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு வகையாவது சேருங்கள். மூப்பனின் வாக்குமூலத்தை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினோம். எல்லை காட்ட மண்ணுக்காரனே முன்னால் நடந்தார். எந்தப் பாறையிலிருந்து எந்த ஓடை வரை என்று அவர் நின்று காட்டிய இடங்களைத்தான் வந்த அலுவலர்கள் ஜிபிஎஸ்ஸில் ஏற்றினார்கள்.

மனு இப்போது, கிராம சபைக்கு அடுத்து மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவில் இருக்கிறது. கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் அவகாசம்.