லீவு நாள்ல ஓடின மீட்டர்

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தா ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்ல ஒரு போட்டோ கண்டிப்பா வரும், ஒரு மரக்கன்னு, அதைச் சுத்தி பதினஞ்சு பேர் கை, கன்னு தெரியாது கை தான் தெரியும். போன வருஷம் வெச்ச கன்னு என்னாச்சுன்னு கேட்டா குரூப்பே சைலன்ட் ஆயிடும்.

மரம் மேல எனக்குக் கோவம் இல்லங்க. ஆனா ஒரு ஸ்கூல் நிஜமாவே சுற்றுச்சூழலுக்கு ஏதாவது பண்ணணும்னா மொதல்ல போய் நிக்க வேண்டிய இடம் கரண்ட் மீட்டர் பாக்ஸ். பொண்ணோட சயின்ஸ் மிஸ் கிட்ட பேச்சுவாக்குல இதைச் சொன்னேன், அவங்க நிஜமாவே ஏழாங்கிளாஸ் பசங்கள விட்டு வெள்ளிக்கிழமை கடைசி பெல் அடிச்சதும் ரீடிங் எழுத வெச்சு, திங்கட்கிழமை கேட் தொறந்ததும் மறுபடி எழுத வெச்சிருக்காங்க. நடுவுல வாட்ச்மேனைத் தவிர ஒரு ஆள் கிடையாது, 37 யூனிட் ஓடியிருக்கு! எங்க போச்சுன்னு பசங்களே சுத்தித் தேடியிருக்காங்க, ரெண்டு வாட்டர் கூலர், லேப்ல ஆஃப் பண்ணாத மானிட்டருங்க, அப்புறம் யாருமே போகாத ஸ்டோர் ரூம்ல அது பாட்டுக்கு எரிஞ்சிட்டிருந்த ரெண்டு டியூப்லைட்.

டியூப்லைட்னு சொன்னதும் ஞாபகம் வருது, பழைய 40 வாட்ஸ் டியூப் நூறு இருக்கற ஸ்கூல் அதை 20 வாட்ஸ் எல்இடியா மாத்தினா, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரியுதுன்னு வெச்சாலே 12 யூனிட் மிச்சம்.

சரி, இதெல்லாம் ஏன் நடக்க மாட்டேங்குது? ஃபேனை போடறவங்க வேற, பில்லு கட்டறவங்க வேற, அதான். ஜெர்மனில ஹாம்பர்க்ல 1994லயே இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, ஃபிஃப்டி ஃபிஃப்டின்னு பேரு, கரண்ட், ஹீட்டிங், தண்ணில ஸ்கூல் மிச்சம் பிடிக்கற காசுல பாதி அந்த ஸ்கூலுக்கே திரும்பி வந்துது. பசங்க சும்மா விடுவாங்களா? அதே வருஷம் ஆரம்பிச்ச ஈக்கோ ஸ்கூல்ஸ்ங்கற, பல நாட்டு ஸ்கூலுங்க சேர்ற சுற்றுச்சூழல் திட்டத்துல ஏழு படி இருக்கு, மொத படி பசங்களும் உக்கார்ற கமிட்டி, ரெண்டாவது இப்ப நிலைமை என்னன்னு கணக்கெடுக்கறது, உறுதிமொழி மாதிரி எழுதி ஒட்டறது ஏழாவதா தான் வருது. நமக்கு அசெம்பிளில உறுதிமொழி எடுத்ததோட ஜோலி முடிஞ்சுது.

இப்ப கூலருக்கு ஒரு டைமர் போட்டுட்டாங்க, அது வரைக்கும் சந்தோஷம். மாசாமாசம் கரண்ட் பில்லை நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி ரெண்டு மாசமா கேட்டுட்டிருக்கேன், ஆஃபீஸ்ல "பாக்கலாம் சார்"ங்கறாங்க. நேத்து போய்ப் பாத்தேன், போர்டுல அந்த மரக்கன்னு போட்டோ தான் இருக்கு, லாமினேட் பண்ணி.