கோடையில் ஒரு நாள் பயணம்: முந்தின இரவே பாதி வேலை

வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒரு நாள் பயணம் பெரும்பாலும் கெடுவது கிளம்பும் நேரத்தில்தான். காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர்கள் கடுமை. அதனால் 6.30-க்கே கிளம்பி, 11 மணிக்குள் திறந்தவெளி இடத்தை முடித்துவிடுங்கள். நடுப்பகலுக்கு அருங்காட்சியகம் மாதிரி கூரையுள்ள இடம். அதன் வார விடுமுறை என்றைக்கு என்று முன்பே பாருங்கள். இரண்டு இடம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், பாவம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி, இரவே ஃப்ரீசரில் படுக்கவையுங்கள். விளிம்புவரை ஊற்றினால், உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து பாட்டில் விரிசல் விடும். காலையில் மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டுப் பையின் நடுவில் செருகினால் தனியாக ஐஸ் வேண்டாம்.

சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். காதுமடலும் பின்கழுத்தும்தான் எப்போதும் விட்டுப்போகும்.

நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.