மாஸ்டரின் பெடல் ஆர்கன்

மட்டக்களப்பில் எங்கள் ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பாளரும் கணித ஆசிரியருமான மாஸ்டர், ஞாயிறு ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே ஆர்கன் முன் வந்து அமர்ந்துவிடுவார். முதல் வேலை சோதிப்பது. இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்து, கட்டை எதையும் தொடாமல் காலை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்குவார். துருத்தி மெதுவாகத் தளர்ந்தால் சரி. ஐந்தாறு எண்ணுவதற்குள் தளர்ந்துவிட்டால் ரப்பர் துணி எங்கோ வெடித்திருக்கிறது. அன்று நீண்ட சுரங்களைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதால் அடிகள் குறுகிய பாட்டுகளையே போதகரிடம் கேட்டு வாங்குவார்.

அந்த ஆர்கன் 61 கட்டைகளும் இரண்டு வரிசை நாக்குகளும் கொண்டது. மொத்தம் 122 நாக்குகள், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள். அறைக் காற்றை நாக்குகள் வழியே உள்ளே இழுத்துப் பேசும் வகை. ஆனபடியால் கூட்டிப் பெருக்கிய தூசியும் காற்றோடு போய் நாக்கில் தங்கும். நாக்கில் தூசி இருந்தால் சுரம் ஊமையாகும்; தோல் ஒட்டிய மூடியின் கீழே இருந்தால் கையை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும். ஊமையான நாக்கைக் கொக்கியால் வெளியே இழுத்து, மெல்லிய தூரிகையால் ஒருமுறை தட்டினால் போதும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியை இலேசாகச் சுரண்ட ஏறும். ஏறியிருந்தால் அடிப்பக்கத்தைச் சுரண்ட இறங்கும். அளவு மீறிச் சுரண்டியது திரும்பி வராது என்பதால் அந்தக் கத்தியை மாணவர் எவர் கையிலும் அவர் கொடுத்ததில்லை.

வாவிக் காற்றில் ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும். மாரியில் கட்டைகள் ஊறி ஒன்றையொன்று நெருக்கும். ஐப்பசி முதல் தை வரை பெட்டிக்குள் துணியில் படாமல் 25 வாட் பல்ப் ஒன்றை எரியவிடுவது அவர் வழக்கம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய் ஆர்கன் நனைந்தபோது வச்சிரப் பசை கரைந்து துருத்தி இரண்டாகப் பிரிந்தது. நாக்குகளை எடுத்து வரிசை மாறாமல் பலகையில் அடுக்கி எண்ணிட்டார். மரப் பாகங்களை நிழலில்தான் காயவைத்தார். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

வாழ்க்கையைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. கிழமை நாட்களில் கணிதம், ஞாயிறில் ஆர்கன். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிஷன் பள்ளிகள் அரசின் கைக்குப் போனபோதும் ஆலயத்தில் அவருடைய இடம் மாறவில்லை.

ஆனால் அவர் இயற்றியவை பற்றி விரிவாகவே எழுத வேண்டும். 1814இல் வண. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த பிறகு வளர்ந்த திருச்சபை இது. மேல்நாட்டு மெட்டுக்குப் பாமாலையும் ராகத்துக்குக் கீர்த்தனையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் பாடப்படுகின்றன. மாஸ்டருக்குப் பாமாலை மெட்டுகள்மேல் கொள்ளைப் பிரியம். அவற்றில் தமிழ் படும் பாட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆங்கில மெட்டு பெரும்பாலும் மெலிந்த தட்டில் தொடங்கி இரண்டாம் அசையில் அழுத்தம் கொள்ளும். அதில் "கருணை"யை வைத்தால் சபை "கரூணை" என்று பாடும். முதல் சுரமே நீண்ட மெட்டில் "வரம்" "வாரம்" ஆகும், "மனம்" "மானம்" ஆகும். பொருளே போய்விடுகிறது. அவர் மெட்டுப் போடுமுன் பாட்டைப் பலமுறை வாய்விட்டு வாசித்து, குறிலுக்கு அரைத் தட்டு, நெடிலுக்கு ஒரு தட்டு என்று பென்சிலால் குறிப்பார். சொல்லின் முதல் அசை அழுத்தத் தட்டில் விழ வேண்டும். "கருணை" என்றால் க, ரு இரண்டும் ஒரே தட்டுக்குள், ணை அடுத்த தட்டில். சுரத்தைத் தேடுவது அதன் பிறகுதான்.

அடுத்த சிக்கல் இசைவு, அதாவது மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள். சங்கராபரணத்தில் கவலையில்லை, மேல்நாட்டு மேஜர் வரிசையே அது. மோகனத்தில் ம, நி இரண்டும் இல்லை. ச‑க‑ப, த‑ச‑க என்று மூன்று சுரம் சேர்ந்த முழுக் கூட்டுகள் இரண்டுதான் கிடைக்கும். பாமாலைப் பழக்கத்தில் நாலாம் சுரமான ம-வில் எழும் நாலாம் கூட்டைப் பிடித்தால் அந்த ம நுழைந்து மோகனம் அங்கேயே சாகும். மாஸ்டர் இடக்கையில் ச, ப இரண்டையும் விடாமல் பிடித்து, வலக்கையில் மெட்டை மட்டும் ஓடவிடுவார். தடித்த கூட்டுகளை விட இந்தத் தனிமையே கீர்த்தனைக்கு அழகு என்பது என் எண்ணமும். வழக்கமான ஆமெனும் நாலாம் கூட்டிலிருந்தே இறங்குவது. மோகனத்தில் அதற்கு வழியில்லை. எனவே 'ஆ'வுக்கு த‑ச‑க, 'மென்'னுக்கு ச‑க‑ப. கேட்கும்போது த மட்டும் ப‑வுக்கு இறங்குவது போலிருக்கும். மற்ற இரண்டு விரல்களும் அசைவதில்லை.

பாடகர் குழுவுக்கு அவர் எழுதியது டோனிக் சொல்ஃபாவில், அதாவது சுரங்களை டோ, ரே, மி என எழுத்தால் குறிக்கும் முறையில். கோட்டுத் தாள் தேவையில்லை, தட்டச்சில் அடித்து ரோனியோ என்ற படியெடுக்கும் பொறியில் எடுக்கலாம். நிமிர்ந்த கோடு அழுத்தத் தட்டு, இரட்டைப் புள்ளி மெலிந்த தட்டு, ஒற்றைப் புள்ளி அரைத் தட்டு, சிறு கோடு நீட்டல். ச‑வை எங்கும் வைக்கலாம் என்று பழகிய நம் பிள்ளைகளுக்கு டோவும் அதுபோல் நகர்வது விளங்கச் சிரமமே இல்லை.

அந்த ரோனியோ தாள்கள் இன்று சபை அங்கத்தவர்களின் பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன.  அவற்றைப் படமெடுப்போர் இடப்பக்க மேல் மூலையை வெட்டிவிட வேண்டாம். "டோ = ஜி" என்பதுபோல் ஒரு குறிப்பு அங்கேதான் இருக்கும். அது போனால் எந்தச் சுருதியில் எழுதினார் என்று யாராலும் சொல்ல முடியாது.