பழைய சென்டாரின் கேபினைப் புதுப்பித்த அனுபவம்

பழைய பாய்மரப் படகு வாங்கியவர்களுக்கு மெத்தையையும் திரைச்சீலையையும் உடனே மாற்றத்தான் கை பரபரக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்பதுதான் முதல் வேலை.

என்னுடையது 26 அடி வெஸ்டர்லி சென்டார். 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். அடியில் இரண்டு கீல் (keel, படகின் அடியிலிருந்து கீழே நீளும் கனமான தகடு) இருப்பதால், கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும்போது சேற்றில் சாயாமல் நிற்கும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கத்து ஆறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடையாது என்பேன். வெளிக்கூடு தடித்த ஃபைபர்கிளாஸ், லேசில் கெடாது. கெடுவது உள்பக்கம்.

கேபின் கூரையில் ஒட்டியிருந்த வினைல் தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி பசை தடவி ஒட்டினால் நிற்காது. வினைலுக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் உண்டு. பல வருடங்களில் அதுதான் பொடியாகிவிடுகிறது. அந்தப் பொடிமேல் எந்தப் பசையும் பிடிக்காது. வினைலை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கூரையில் மிஞ்சிய பிசுக்கைச் சுரண்டுவதுதான் இந்த வேலையிலேயே மோசமான பகுதி. ஸ்க்ரேப்பர், அப்புறம் டிரில்லில் மாட்டிய கம்பி பிரஷ். நல்ல தூசி முகமூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது.

உரித்து முடித்ததும் டெக் (மேல்தளம்) போல்ட்களின் நட்டுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. பழுப்புக் கறை வழிந்த இடங்களைக் குறித்துக்கொண்டேன். நண்பர் வெளியே ஹோஸ் பிடிக்க, நான் உள்ளே டார்ச்சுடன் உட்கார்ந்தேன். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எது ஒழுகுகிறது என்றே பிடிபடாது. ஜன்னல் ஃப்ரேம்களையும் ஒழுகிய போல்ட்களையும் கழற்றி, பழைய சீலன்டைச் சுத்தமாக எடுத்து, பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்துத் திரும்ப முடுக்கினோம். வெளியே மட்டும் சிலிகான் பூசுவது வீண்.

ஒரு ஜன்னலுக்குக் கீழே, குறுக்குத் தடுப்புப் பலகையின் மூலையில் ஸ்க்ரூடிரைவர் சுலபமாக இறங்கியது. உளுத்ததை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, மரைன் பிளைவுட் (படகுகளுக்கான ஒட்டுப்பலகை) துண்டை எபாக்சி என்ற இருபாகப் பசையால் சேர்த்தேன். வெட்டிய விளிம்புகளுக்குத் தனியாக எபாக்சி பூசுவது முக்கியம். பிளைவுட் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான்.

புதுக் கூரையை நேரடியாக ஒட்டவில்லை. மரச்சட்டங்களை ஃபைபர்கிளாஸில் ஒட்டி, நடுவே விளக்கு வயர்களை இழுத்து, வினைல் போர்த்திய 4 மிமீ பிளைவுட் பலகைகளை ஸ்க்ரூவால் மாட்டினேன். இனி எந்த போல்ட் ஒழுகினாலும் ஒரு பலகையைக் கழற்றினால் போதும். அளவெடுக்க அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். படகில் எதுவும் நேர்கோடாக இருப்பதில்லை. வினைலை அடிக்கும் ஸ்டேப்பிள் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

மெத்தை கடைசியாகத்தான் வந்தது. அதற்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு மரப்பட்டிகள் அடித்திருக்கிறேன். இல்லாவிட்டால் இங்கிலாந்துக் குளிரில் கீழ்ப்பக்கம் ஈரமாகி, பூஞ்சை பிடித்துவிடும்.