பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்காத பள்ளி

ஆண்டு விழா, விளையாட்டு தினம், கேன்டீன் சமோசா எல்லாவற்றையும் இந்தப் பழைய மாணவர் மலரில் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். நம் பள்ளி பாடம் நடத்திய விதத்தைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978இல். நம் நாளில் மொத்தம் 1200 மார்க். ஆறு பாடம், தலா 200. பிளஸ் ஒன் மார்க் எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே சென்னையில் பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு பிளஸ் டூ போர்ஷனை ஆரம்பித்துவிடும். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட்டால் மார்க் வராமல் எங்கே போகும்? சிக்கல் அதற்கப்புறம்தான். எல்லை மதிப்பு, வகையிடல், வெக்டர், மோல் கணக்கு எல்லாம் பிளஸ் ஒன்னில் இருப்பவை. அவற்றை விட்டுவிட்டு வந்தவனுக்குத் தொகையிடல் என்பது சூத்திரப் பட்டியல்தான். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். இந்தக் குதியாட்டத்தை நிறுத்த, 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

நம் பள்ளி அதற்கு வெகு முன்பே பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடைசிப் பாடம் வரை நடத்தியது. போர்ஷன் போடும்போதே நவம்பர் மழை விடுமுறைக்கென்று பாடத்துக்கு எட்டு பீரியட் காலியாக விட்டுவைப்பார்கள். மழை ஏமாற்றினால் அது ரிவிஷனுக்கு. ஸ்டேட் ரேங்க் நமக்கு வந்ததில்லை, உண்மைதான். பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்காத அப்பாவும் இல்லை.

வீட்டுப்பாடம் கணக்கில் மூன்றே கேள்வி. ஒன்று அன்றைய பாடம், ஒன்று போன வாரத்தது, மூன்றாவது காலாண்டுக்கு முன் நடத்தியது. அந்த மூன்றாவதுதான் ஆளைப் பிடிக்கும். கைடிலும் எந்தப் பக்கம் என்று தேடணும். நோட்டில் வலப்பக்கம் கணக்கு, இடப்பக்கம் காலி. தப்பானால் இம்போசிஷன் கிடையாது. எந்த வரியில் சறுக்கியது, ஏன் என்று இடப்பக்கத்தில் ஒரே வரி எழுத வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் திரும்பி வரும். ‘அடைப்புக்குறியை நீக்கும்போது இரண்டாம் உறுப்பின் குறியை மாற்றவில்லை’ என்று எழுதினால்தான் டிக். இருபது கணக்கைக் கொடுத்துவிட்டு ஒன்றையும் திருத்தாமல் கையெழுத்துப் போடுவதைவிட இதில் ஆசிரியருக்குத்தான் வேலை அதிகம்.

வேதியியல் ஆய்வகத்திலும் இதே கதைதான். 200இல் 50 செய்முறைக்கு என்பதால் வெளியே பலருக்கு அது கையில் வந்து விழும் மார்க். நமக்கோ பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை, அதாவது பெர்மாங்கனேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பதை, காரணம் சொல்லித்தான் செய்ய வேண்டும். சொட்டு விடும் குழாயான பியூரெட்டையும், உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் அலசணும். கூம்புக்குடுவையைத் தண்ணீரால் மட்டும். அதையும் கரைசலால் அலசினால் பிப்பெட் அளந்த 20 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும், அளவு கூடும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி நின்றால் நடுவில் அது வெளியேறி அரை மில்லி வரை பொய் சொல்லும். புனலை மேலே மறந்து வைத்தால் அதிலிருந்து சொட்டும். பெர்மாங்கனேட் அடர் ஊதா என்பதால் கரைசல் மட்டத்தின் வளைந்த அடிப்பகுதியான கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்கணும். அமிலம் நீர்த்த கந்தக அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். அமிலம் குறைந்தால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும்.

ஆக்ஸாலிக் அமிலத்தில்தான் எல்லாரும் மாட்டுவோம். 60–70 டிகிரிக்குச் சூடாக்கணும், கொதிக்கவிட்டால் அமிலமே சிதையும். சூடாக இருந்தாலும் முதல் சொட்டின் நிறம் உடனே மறையாது. அதையே வினை முடிந்த முடிவுநிலை என்று நினைத்துக் குழாயை மூடிவிடுவார்கள். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனிதான் அந்த வினைக்கே ஊக்கி. அது கொஞ்சம் சேர்ந்த பிறகு சொட்டுகள் விழுந்த வேகத்தில் நிறம் மறையும். கடைசிச் சொட்டின் வெளிர் ரோஜா குலுக்கிய பிறகும் அரை நிமிஷம் நிற்கணும்.

ஆய்வகத்துக்குள் ரப்பருக்கு அனுமதி இல்லை. அளவு ஒத்துவரவில்லையென்றால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதினால்தான் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து. யாருடைய பழைய நோட்டைப் புரட்டினாலும் அடித்த எண்களுக்குப் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்: குமிழி, புனல், அவசரம்.